99 சதவீதம் சுத்தம்னு போட்டிருக்கு டாக்டர்

இது கொஞ்சம் நீளமான இழை. ஜிம்முக்குப் போற தம்பிகள், எடை குறைய ஊசி தேடிக்கிட்டு இருக்கிறவங்க, அவங்க வீட்டு ஆட்கள் எல்லாரும் பொறுமையா படிங்க.

எழுதக் காரணம் நான் செஞ்ச ஒரு தப்பு. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

சில மாதங்களுக்கு முன்னால 29 வயசுத் தம்பி ஒருத்தர் கிளினிக்குக்கு வந்தார். (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். ஆள் யாருன்னு தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஐ.டி. வேலை, சாயங்காலம் ஜிம். தோள்பட்டை வலி மூணு மாசமா விடல. பிசியோதெரபிக்குப் போக நேரம் இல்லை. ஜிம்ல யாரோ பி.பி.சி-157 என்ற பெப்டைடு போட்டா தசைநார் ஒட்டிக்கும்னு சொல்லியிருக்காங்க. டெலிகிராம்ல ஆர்டர் போடறதுக்கு முன்னால போனை என்கிட்ட நீட்டினார்.

"வாங்கலாமா டாக்டர்? 99 சதவீதம் சுத்தம்னு சர்டிபிகேட்டே போட்டிருக்கு."

வேண்டாம்னு சொன்னேன். அதோட காரணத்தைச் சொல்லி நிறுத்தியிருக்கணும். ஆனா எனக்குள்ள இருக்கிற வாத்தியார் முழிச்சுக்கிட்டார். "இங்க பாருங்க தம்பி, லாட் நம்பர் இல்ல. தேதி இல்ல. எந்த லேப்ல பார்த்தாங்கன்னு இல்ல. மாஸ் ஸ்பெக் ரிப்போர்ட் இல்ல. இதெல்லாம் ஒரு சர்டிபிகேட்டா?" என்று அஞ்சு நிமிஷம் பாடம் எடுத்தேன். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் சொன்னது ஒண்ணு. அவர் காதுல விழுந்தது, "இதெல்லாம் இருக்கிற சர்டிபிகேட்டா பார்த்து வாங்கு."

ஆறு வாரம் கழிச்சு வந்தார். தொப்புளுக்குப் பக்கத்துல எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவந்த வீக்கம், நல்ல காய்ச்சல். உள்ளே சீழ் கட்டியிருந்தது. கீறி எடுத்து, கல்ச்சருக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் கொடுத்து, தினமும் கட்டு மாத்தி, ரெண்டு வாரத்துல சரியாச்சு. ஒருநாள் கட்டுப் போடும்போது போனை எடுத்துக் காட்டினார்.

"நீங்க கேட்டதெல்லாம் இதுல இருந்துச்சு டாக்டர்."

வாங்கிப் பார்த்தேன். எல்லாமே இருந்தது. லாட் நம்பர், தேதி, ஆய்வகத்தின் பெயர், மாஸ் ஸ்பெக், தூய்மை 99.3 சதவீதம். குறை சொல்ல ஒண்ணும் இல்லாத காகிதம்.

அந்தக் குப்பியாலதான் சீழ் பிடிச்சதுன்னு என்னால நிரூபிக்க முடியாது. கலக்கின தண்ணியா இருக்கலாம், கையா இருக்கலாம், ரெண்டாம் தடவை உபயோகிச்ச சிரிஞ்சா இருக்கலாம். என்னை உறுத்தறது வேற. அவர் அந்த ஊசியைத் தைரியமா போட்டுக்கிட்டதுல நான் எடுத்த பாடத்துக்கும் பங்கு இருக்கு.

அதனால இப்போ திருத்திச் சொல்றேன். இந்தச் சர்டிபிகேட் பொய்யா உண்மையா என்பது ரெண்டாவது கேள்வி. அது முழுக்க முழுக்க உண்மையாகவே இருந்தாலும், நீங்க கேட்கிற கேள்விக்கு அதுல பதில் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைச் சரம் மாதிரி கோர்த்தது. இன்சுலினில் 51, செமாக்ளூடைடில் 31, நம்ம தம்பி போட்டுக்கிட்ட பி.பி.சி-157-ல் 15. பி.பி.சி-157 மாதிரி சின்னச் சரங்களை இன்னைக்குக் கோர்க்கப் பெரும்பாலும் பயன்படுவது மெரிஃபீல்டு என்ற அமெரிக்க வேதியியலாளர் 1963-ல் வெளியிட்ட முறை. 1984-ல் அதுக்கு நோபல் பரிசு கிடைச்சது. சின்ன பிசின் மணி ஒண்ணுல முதல் பூவைக் கட்டி, அடுத்தடுத்த பூவை ஒவ்வொண்ணா கோர்த்துக்கிட்டே போறது. கடைசியா அமிலம் ஊற்றி மாலையைக் கழற்றி எடுப்பாங்க.

ஒவ்வொரு பூவும் 99 சதவீதம் சரியா விழுதுன்னே வச்சுக்குவோம். 15 பூ மாலைக்கு 14 கோர்ப்பு. கணக்குப் போட்டா கடைசியில முழு மாலை 87 சதவீதம்தான் தேறும். 31 பூ மாலைன்னா 74 சதவீதம். மிச்சம் எல்லாம் நடுவுல ஒரு பூ விட்டுப்போன மாலைகள். அதைப் பிரிச்சு எடுக்கத்தான் சுத்திகரிப்பு. எவ்வளவு சுத்தமாச்சுன்னு பார்க்கத்தான் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி.

இந்தப் பெப்டைடுகளை வாங்கற விஞ்ஞானிக்கு ரெண்டு விஷயம் தெரியணும். நான் கேட்ட சரம்தானா? கூட வேற சரம் எவ்வளவு? அதுக்காகப் பொறந்த காகிதம்தான் சி.ஓ.ஏ. என்று எல்லாரும் சொல்ற பகுப்பாய்வுச் சான்றிதழ். அவர் அதைச் செல்கள் வளர்க்கிற தட்டுல ஊத்துவார். அந்தக் கேள்விகளுக்கு அந்தக் காகிதம் ஒழுங்கா பதில் சொல்லுது. அதை நான் குறை சொல்லல. குப்பி மேலேயே "ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல" என்று அச்சடிச்சிருக்கும். நாமதான் அதைச் சும்மா சட்டத்துக்காகப் போட்டதுன்னு நினைச்சுத் தாண்டிப் போறோம்.

99 என்றால் என்ன? அரிசிக் கடைக்குப் போங்க. ஒரு கைப்பிடி அள்ளி எண்ணிப் பார்த்தா நூறு மணியில 99 பொன்னி, ஒண்ணு வேற ரகம். நல்ல அரிசிதான். ஆனா மூட்டையில 25 கிலோ இருக்கா, 20 கிலோதான் இருக்கா? அது வேற கேள்வி. குடோன்ல மூட்டை மேல எலி ஓடுச்சா? அது இன்னும் வேற கேள்வி. அரிசியை எண்ணினா எலி தெரியாது.

முதல்ல மூட்டை எடை. ஹெச்.பி.எல்.சி. கருவி கரைசல் மேல புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, அதை உறிஞ்சுகிற பொருட்களை மட்டும் பார்க்குது. அந்தப் பொருட்களுக்குள்ள உங்க பெப்டைடு எத்தனை பங்கு என்பதுதான் 99. பொடியில இருக்கிற ஈரம், உப்பு, மாலையைக் கழற்ற ஊத்தின டி.எஃப்.ஏ. என்ற அமிலத்தின் மிச்சம், இதெல்லாம் அந்தக் கணக்குல வராது. பொடியில உண்மையான பெப்டைடு எவ்வளவு என்பதுக்குத் தனி அளவு இருக்கு. தூய்மை 99 போட்ட பொடியில அது 80-ஆக இருக்கறது சாதாரணம். குப்பி மேல 5 மில்லிகிராம்னு போட்டிருக்கும். அது பொடியின் எடையா, பெப்டைடின் எடையா? அஞ்சா, நாலா? எலிக்குக் கொடுக்கிற ஆராய்ச்சியாளர் இதைத் திருத்திக் கணக்குப் போடுவார். இன்சுலின் சிரிஞ்சுல "பத்து யூனிட் இழு" என்று யூடியூப் பார்த்து இழுக்கிற தம்பி?

அடுத்து மாஸ் ஸ்பெக். மூலக்கூறின் எடையைப் பார்க்கிற கருவி. பி.பி.சி-157-க்கு 1419-க்குப் பக்கத்துல வரணும். வந்தா நல்லது, வேற ஏதோ மருந்து இல்லைங்கிற அளவுக்கு நிம்மதி. ஆனா 'கதவு', 'தகவு' ரெண்டுலயும் அதே மூணு எழுத்துதான். எடை போட்டா ரெண்டும் ஒண்ணு. வரிசை சரியான்னு தெரிய வேற சோதனை வேணும்.

இப்போ எலிக்கு வருவோம். எனக்கு ரொம்ப முக்கியமானது இதுதான்.

குளூக்கோஸ் ஏத்தினதும் குளிர் நடுக்கம் வந்துடுச்சு, போர்வை மேல போர்வை போட்டும் நிக்கலைன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த மாதிரி நடுக்கத்துக்குப் பின்னால பல தடவை இருந்தது எண்டோடாக்ஸின். சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவர்ல இருக்கிற பொருள். பாக்டீரியா செத்தாலும் சுவர் சாகாது. 121 டிகிரி ஆட்டோகிளேவ்ல வச்சாலும் போகாது. கண்ணாடிப் பாத்திரத்துல ஒட்டியிருக்கிறதை அழிக்கணும்னா 250 டிகிரி உலர் வெப்பத்துல அரை மணி நேரம் வைக்கணும். பெப்டைடை அப்படி வச்சா கரிதான் மிஞ்சும். பாக்டீரியாவை வடிகட்டுகிற ஃபில்டரையும் அது தாண்டிப் போயிடும்.

அதனால ஊசி மருந்துகளுக்கு இதுக்குன்னே தனி சோதனை உண்டு. முன்னால முயலுக்கு மருந்தை ஏத்திக் காய்ச்சல் வருதான்னு பார்த்தாங்க. அப்புறம் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தை வச்சுப் பார்க்கிற சோதனை வந்தது. ஊசி மருந்துக்குப் பொதுவான வரம்பு, உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 5 எண்டோடாக்ஸின் யூனிட். 60 கிலோ ஆளுக்கு 300. கிருமியே இல்லைன்னு பார்க்கிற சோதனை இன்னும் தனி. 14 நாள் வளர்ப்பு ஊடகத்துல வச்சுக் காத்திருக்கணும்.

தம்பி காட்டின அந்த நல்ல சர்டிபிகேட்ல இந்த ரெண்டு வரியும் இல்லை. ஏமாத்தறதுக்காக மறைச்சாங்கன்னு சொல்லமாட்டேன். அந்தக் காகிதத்தோட வேலை அது இல்லை. நான் முதல் நாள் பாடம் எடுத்தப்போ இதைச் சொல்லல. லாட் நம்பர் தேடிக்கிட்டு இருந்தேன்.

"அப்போ மீதி ஒரு சதவீதம் என்னவா இருந்தா என்ன டாக்டர், ஒரு சதவீதம்தானே?" என்று கேட்கலாம். ஒரு பழைய கதை. 1989-ல் அமெரிக்காவில் எல்-டிரிப்டோஃபேன் என்ற ஒற்றை அமினோ அமிலத்தைத் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரையா மக்கள் வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு கடுமையான தசைவலி, ரத்தத்துல ஒருவகை வெள்ளணு எகிறல்னு ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. 1,500 பேருக்கு மேல பாதிப்பு, 30 பேருக்கு மேல இறப்பு. தேடிப் போனப்போ ஜப்பானியத் தயாரிப்பாளர் ஒருவரின் சரக்குல போய் நின்னுச்சு. அந்தச் சரக்கு சுத்தமானதுதான், மருந்துத் தர நூல் கேட்ட தூய்மை அதுல இருந்தது. கூட வந்திருந்த அந்நியப் பொருட்கள் ஒரு சதவீதத்துலயும் ரொம்பச் சின்னப் பங்கு. அதுல எது உண்மையான குற்றவாளின்னு இன்னைக்கு வரைக்கும் முழுசா முடிவாகல.

அதனாலதான் பெப்டைடு மருந்து செய்ற கம்பெனிகளை ஒழுங்குமுறை அமைப்புகள் ஒரு சதவீதத்துக்கெல்லாம் விடறதில்லை. டெரிபாரடைடு, லிராக்ளூடைடு மாதிரி சில மருந்துகளின் செயற்கைப் பிரதிகளுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021-ல் கொடுத்த வழிகாட்டுதல்ல, புதுசா தலைகாட்டுற ஒவ்வொரு பெப்டைடு கலப்பும் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.1-ஐத் தாண்டினாலே அது என்னன்னு அடையாளம் காட்டணும்னு இருக்கு. ஒரு பூ விட்டுப்போன மாலையை உடம்பு எதிரியா நினைச்சா, அதுக்கு எதிரா செய்யற ஆயுதம் நல்ல மாலையையும் வெட்டலாம் என்ற பயம்தான் காரணம். அங்க 0.5-க்குக் கேள்வி கேட்கறாங்க. இங்க 99-ன்னு போட்டதும் பணம் அனுப்பறோம்.

இதுவரைக்கும் பேசினது உண்மையான சர்டிபிகேட் பத்தி. பொய்யானது பத்தியும் சுருக்கமா. ஒரே வரைபடத்தை எடுத்து லாட் நம்பரையும் தேதியையும் மட்டும் மாத்தி ஒட்டறது ரொம்பச் சுலபம். ஆய்வகம் நிஜமாவே சோதிச்சிருந்தாலும், விற்கிறவர் அனுப்பின குப்பியைத்தான் சோதிச்சது, உங்க வீட்டுக்கு வந்த குப்பியை இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001 முத்திரையைப் பார்த்து மயங்காதீங்க, அது நிர்வாக முறைக்கானது. சோதனைக் கூடத்துக்கான அங்கீகாரம் 17025, நம்ம நாட்டுல அதைத் தர்றது என்.ஏ.பி.எல். அதுவும் எந்தெந்தச் சோதனைக்குன்னு பட்டியல் போட்டுத்தான் தருவாங்க.

காகிதம் கைமாறிப் பயணம் போனா என்ன ஆகும் என்பதுக்கு பனாமாவைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. 2006-ல் அங்க அரசுக் கூடத்துல தயாரிச்ச இருமல் மருந்தைக் குடிச்சு நூறு பேருக்கு மேல இறந்தாங்க. கிளிசரின்னு சொல்லி வந்த 46 பீப்பாயில இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால். சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியா பனாமா போற வழியில, ஒவ்வொரு வியாபாரி கையிலயும் சான்றிதழ்ல இருந்த முந்தைய பெயர் அழிஞ்சது. ஆனா ஒரு எண் மட்டும் கடைசிவரை பத்திரமா போய்ச் சேர்ந்தது. தூய்மை 99.5 சதவீதம்.

"அனுமதி வாங்கின மருந்துலயே தப்பு நடக்குதே டாக்டர்?" நியாயமான கேள்வி, நழுவ மாட்டேன். 2025-ல், நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் மருந்தைக் குடிச்சு மத்தியப் பிரதேசத்துல 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தாங்க. அதே டைஎத்திலீன் கிளைக்கால். 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாதது 48.6 சதவீதம் இருந்தது. டாக்டரா எனக்கு அது அவமானம். ஆனா ஒண்ணைக் கவனிங்க. அந்தப் பாட்டில் மேல தயாரிப்பாளர் பெயர் இருந்தது, உரிம எண் இருந்தது, பேட்ச் நம்பர் இருந்தது. அதை வச்சு ஆலைக்குப் போக முடிஞ்சது, மாதிரி எடுக்க முடிஞ்சது, விற்பனையை நிறுத்த முடிஞ்சது, உரிமையாளரைக் கைது செய்ய முடிஞ்சது. தாமதம்தான், போன உயிர் வராதுதான். ஆனா பிடிக்க ஒரு சட்டைக் காலர் இருந்தது. டெலிகிராம் குரூப்புல யார் காலரைப் பிடிப்பீங்க? நாளைக்கு அந்தக் குரூப்பே இருக்காது.

யோசிச்சுப் பாருங்க, மெடிக்கல்ல இன்சுலின் வாங்கும்போது என்னைக்காவது சர்டிபிகேட் கேட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க. அந்தக் காகிதமும் உண்டு, ஆனா அது உங்களுக்காக இல்லை, ஆய்வாளருக்காகக் கோப்புல இருக்கு. அதுக்கும் முன்னால தண்ணி எங்கிருந்து வந்தது, காற்றை எப்படி வடிகட்டினாங்க, யார் கையுறை போட்டு நின்னாங்க என்பது வரை பதிவு இருக்கணும். இத்தனையும் இல்லாத இடத்துலதான் சர்டிபிகேட் கடை வாசலுக்கு வந்து நிக்குது.

பி.பி.சி-157 பத்தியும் ரெண்டு வரி. அதுக்கு இருக்கிற ஆதாரம் பெரும்பாலும் எலிகள்கிட்ட பார்த்தது. மனிதர்கள்ல நடந்தவை மிகச் சில, மிகச் சின்னவை. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2022-லிருந்து அதைத் தடை செஞ்சிருக்கு. போட்டிகள்ல விளையாடற பிள்ளைகள் இதைக் குறிச்சு வச்சுக்கங்க. எடை குறைப்பு ஊசிகள் கதையும் இதுதான். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற லேபிளோட செமாக்ளூடைடு, டிர்செபடைடு, இன்னும் சோதனைக் கட்டத்துலயே இருந்த ரெட்டாட்ரூடைடு வரை வித்த சில கம்பெனிகளுக்கு 2024 டிசம்பர்ல எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. லேபிள்ல என்ன எழுதினாலும் நீங்க மனுஷனுக்குத்தான் விக்கறீங்கன்னு உங்க விளம்பரமே சொல்லுதுன்னு காரணம் காட்டினாங்க. செமாக்ளூடைடும் டிர்செபடைடும் இந்தியாவில முறையான மருந்தாகவே கிடைக்குது. விலை கூடன்னு தெரியும். தேவைப்படறவங்க அந்த விலையைப் பத்தி டாக்டர்கிட்ட வெளிப்படையா பேசுங்க, வேற வழி பார்க்கலாம்.

ஏற்கனவே போட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு. நான் திட்ட மாட்டேன், நிறைய டாக்டர்கள் திட்ட மாட்டாங்க. ஊசி போட்ட சில மணி நேரத்துல குளிர் நடுக்கம், போட்ட இடத்துல நாளுக்கு நாள் கூடற வலி சிவப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், இதுல எது வந்தாலும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. என்ன போட்டீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. குப்பியைத் தூக்கிப் போடாதீங்க, கலக்கின தண்ணி பாட்டிலோட சேர்த்து ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. "புரோட்டீன் ஊசி"ன்னு மட்டும் சொன்னா எங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இழையை எழுதிக்கிட்டு இருக்கும்போதுதான் அந்தத் தம்பிகிட்டேயிருந்து வாட்ஸ்அப் வந்தது. புது சர்டிபிகேட் ஒண்ணு. கீழே, "டாக்டர், இந்த ஆளு எண்டோடாக்ஸின் ரிப்போர்ட்டும் குடுக்கறாரு. இப்போ ஓகேவா?"

கேட்கக் கேட்க வரி கூடிக்கிட்டே போகுது. இந்தத் தடவை நான் காகிதத்தைப் பெருசு பண்ணிப் பார்க்கல. "தோள்பட்டை எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். இன்னும் வலிக்குதாம். பிசியோதெரபிஸ்ட் நம்பர் அனுப்பியிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில ஃப்ரீதான்னு சொல்லியிருக்கார்.